கால்களுக்கு முன்பே வந்த கைகள்: அனோமலோகாரிஸ் ஓர் எளிய அறிமுகம்

இறாலைச் சுத்தம் செய்து பழகியவர்களுக்குக் கணுக்காலியின் உடலமைப்பு பாதி தெரிந்த விஷயம்தான். உள்ளே எலும்பு கிடையாது. வெளியே கடினமான ஓடு. அந்த ஓடு வளையம் வளையமாகப் பிரிந்து மடங்குகிறது. அடியில் வரிசையாகக் கால்கள், கால்களில் மூட்டுகள். தலையில் காம்பின் நுனியில் கண்கள். வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை வளர்த்துக்கொள்ள வேண்டும். நண்டு, தேள், சிலந்தி, பூரான், கரப்பான், வண்ணத்துப்பூச்சி எல்லாமே இந்த ஒரே அமைப்பின் வெவ்வேறு வடிவங்கள். இதுவரை பெயரிடப்பட்ட விலங்கினங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் கணுக்காலிகள்தான்.

இப்படி ஓர் அமைப்பு எப்படி உருவாகியிருக்கும்? ஓடு, மூட்டுள்ள கால், பல சிறு லென்ஸுகள் சேர்ந்த கூட்டுக்கண் எல்லாம் ஒரே மூச்சில் வந்திருக்க முடியாது. ஒவ்வொன்றாகத்தான் சேர்ந்திருக்க வேண்டும். அப்படியானால் எது முதலில் வந்தது? இந்தக் கேள்விக்கு இன்று நம்மிடம் உள்ள நல்ல பதில்களில் ஒன்று, 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் நீந்திய ஒரு வேட்டையாடியின் உடலில் இருக்கிறது. அதன் பெயர் அனோமலோகாரிஸ்.

முதலில் ஆளைப் பார்த்துவிடலாம்.

நீண்டு தட்டையான உடல். தலையின் முன்புறம் இரண்டு நீளமான முன்கைகள் கீழ்நோக்கி வளைந்து தொங்குகின்றன. ஒவ்வொன்றும் 14 கணுக்களால் ஆனது. உட்பக்கம் முழுக்க முட்கள். தலையின் இரு பக்கமும் காம்பின் மேல் பெரிய கண்கள். தலைக்கு அடியில் வட்டமான வாய், அதைச் சுற்றிக் கடினமான தகடுகள். உடலின் இரு ஓரங்களிலும் 13 இணை துடுப்பு மடல்கள். இவை ஒன்றன்பின் ஒன்றாக அசைந்து அலைபோல் இயங்கியதால்தான் விலங்கு முன்னே சென்றது. பின்னால் விசிறிபோல் விரிந்த வால்.

நடக்கும் கால் ஒன்றுகூட இல்லை. உடலைப் போர்த்தும் கடின ஓடும் இல்லை. தலைமேல் ஒரு சிறு தகடு மட்டும்தான். முன்கைகளில் மூட்டு இருக்கிறது, உடலில் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

பழைய நூல்களில் இதன் நீளம் ஒரு மீட்டர் என்று இருக்கும். பிற்கால அளவீடுகளின்படி முன்கைகளையும் வாலையும் விட்டுவிட்டால் உடல் சுமார் 38 செ.மீ. வரைதான் வளர்ந்தது. கேட்கச் சின்னதாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் காலத்துக் கடல் விலங்குகளில் பெரும்பாலானவை விரல் நீளத்துக்குள் அடங்குபவை. மீன்களின் மூதாதைகள்கூட ஓரிரு அங்குலத்தில், எலும்போ தாடையோ இல்லாமல் இருந்தன. அவற்றின் நடுவே இது ஒரு பெரும் விலங்கு.

## பங்காளி உறவு

அனோமலோகாரிஸைக் கணுக்காலி என்று சொல்லலாமா? ‘ஆம்’ என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாது. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. புதைபடிவங்களைப் பற்றிய பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

இன்று உயிரோடு இருக்கும் கணுக்காலிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்திருக்க வேண்டும். சிலந்தி, பூரான், இறால், எறும்பு எல்லாம் அதன் வம்சம். அந்த மூதாதைக்கும் முன்னால் ஒரு நீண்ட பாதை இருக்கிறது. கணுக்காலிகளின் வழி, வெல்வெட் புழு என்ற மென்மையான உயிரினத்தின் வழியிலிருந்து பிரிந்த இடத்தில் அந்தப் பாதை தொடங்குகிறது. வெல்வெட் புழுக்கள் இன்றும் இருக்கின்றன. இந்தியாவிலேயே அருணாசலப் பிரதேசத்தின் சியாங் பள்ளத்தாக்கில் ஓர் இனம் வாழ்கிறது. அவற்றுக்கும் கால்கள் உண்டு, ஆனால் கொழகொழப்பான, மூட்டில்லாத கால்கள்.

இந்தப் பிரிவுக்கும் அந்தப் பொது மூதாதைக்கும் இடைப்பட்ட பாதையில் பல கிளைகள் முளைத்து, வாழ்ந்து, வாரிசு இல்லாமல் போயின. அனோமலோகாரிஸ் அப்படிப் போன ஒரு கிளை. எனவே அது நண்டுக்கும் பாட்டன் அல்ல, தேளுக்கும் பாட்டன் அல்ல. அவர்களுடைய பாட்டனுக்குப் பங்காளி. மரத்தின் அடித்தண்டில் முளைத்த கிளை என்பதால் இதைத் தண்டுநிலைக் கணுக்காலி என்று வகைப்படுத்துகிறார்கள்.

இத்தகைய கிளைகள் இல்லாவிட்டால் நமக்கு ஒரு பக்கம் வெல்வெட் புழு, மறுபக்கம் முழுமையான நண்டு, நடுவில் பெரும் பள்ளம் என்றுதான் தெரிந்திருக்கும். பள்ளத்தை எப்படிக் கடந்தார்கள் என்பதைச் சொல்ல ஆளே இருந்திருக்காது.

## துண்டு துண்டாகக் கிடைத்தவன்

1880களில் கனடாவின் ராக்கி மலைகளைக் குடைந்து பசிபிக் ரயில் பாதை போடப்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஃபீல்டு என்ற ஊருக்கு அருகே ஸ்டீபன் மலை இருக்கிறது. அதன் சரிவில் கல்லாகிப்போன பூச்சிகள் கிடக்கின்றன என்று ரயில்வே ஆட்கள் பேசிக்கொண்டார்கள். அவை பூச்சிகள் அல்ல, டிரைலோபைட்டுகள் என்ற, அழிந்துபோன ஓட்டுள்ள கடல் கணுக்காலிகள். 1888-ல் கனடிய நிலவியல் ஆய்வுத் துறையின் ரிச்சர்ட் மெக்கானல் அங்கே போய்ப் படிவங்களைச் சேகரித்தார். அவற்றில் இறாலின் பின்னுடல்போல வளைந்த சில துண்டுகளும் இருந்தன. அதே துறையின் ஜோசப் வைட்டீவ்ஸ் 1892-ல் அவற்றை ஆராய்ந்து, தலை போய்விட்ட ஒரு இறால் வகை என்று முடிவுசெய்து, அனோமலோகாரிஸ் கனடென்சிஸ் என்று பெயரிட்டார்.

அந்தத் துண்டைப் பார்த்தால் நீங்களும் இறால் என்றுதான் சொல்வீர்கள். கணுக்கள் உண்டு, ஓரத்தில் கால்போல முட்கள் உண்டு, வளைவும் அப்படியே. அவர் சொன்னதில் அலட்சியம் எதுவும் இல்லை.

1909-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத் தலைவர் சார்லஸ் வால்காட், சில மைல் தள்ளி, இன்று பர்ஜஸ் ஷேல் என்று உலகம் அறிந்த பாறை அடுக்கைக் கண்டார். ஷேல் என்பது நுண்ணிய சேறு இறுகி ஏடு ஏடாகப் பிரியும் பாறை. கடலடியில் ஒரு செங்குத்துச் சரிவின் காலடியில் சேறு சரிந்து விழுந்து, அங்கிருந்த உயிர்களை ஒரே அமுக்காக மூடியிருக்கிறது. ஆக்சிஜன் எட்டாத சேறு என்பதால் அழுகல் பெரிதாக நடக்கவில்லை. ஓடு, எலும்பு போன்ற கடினமானவை மட்டும் எஞ்சுவதுதான் படிவங்களின் வழக்கம். இங்கே தோல், குடல், செவுள் எல்லாம் கரிய மெல்லிய படலமாக எஞ்சியிருக்கின்றன.

வால்காட் 1924 வரை அங்கிருந்து 65,000-க்கும் மேற்பட்ட படிவங்களை வாஷிங்டனுக்கு அனுப்பினார். அவற்றில் மூன்று நம் கதைக்கு உரியவை. நடுவில் துளையுள்ள அன்னாசிப் பழ வளையத்தைப்போல ஒரு வட்டத்தைப் பார்த்து ஜெல்லி மீன் என்று நினைத்தார். 1911-ல் பெய்டோயா என்று பெயரிட்டார். நசுங்கிய ஒரு நீள உடலைக் கடல் அட்டை என்று கருதி லகானியா என்றார். சீப்புபோல முட்களுள்ள ஒரு தனி உறுப்பை, சிட்னேயியா என்ற வேறொரு கணுக்காலியின் கால் என்று சேர்த்துவிட்டார்.

அப்புறம் நாற்பது ஆண்டுகளுக்கு யாரும் அதிகம் கிளறவில்லை. 1966, 1967 ஆண்டுகளில் கனடிய நிலவியல் ஆய்வுத் துறை அந்தக் குவாரியை மறுபடி திறந்தது. படிவ ஆய்வுக்குப் பொறுப்பேற்றவர் ஹாரி விட்டிங்டன், பின்னாளில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர். அவருடைய மாணவர்கள் டெரெக் பிரிக்ஸ், சைமன் கான்வே மோரிஸ். இவர்களுடைய வேலைமுறையில்தான் உண்மையான திருப்பம் இருக்கிறது. பர்ஜஸ் படிவங்கள் தாளில் வரைந்த படம்போலத் தோன்றினாலும் முற்றிலும் தட்டையானவை அல்ல; ஓர் உறுப்பின் மேல் இன்னோர் உறுப்பு, நடுவே மயிரிழை அளவு சேறு. மேலே தெரியும் உறுப்பை நுண்கருவியால் பொறுமையாகச் சுரண்டி எடுத்தால் அடியில் மறைந்திருப்பது தெரியவரும். படிவத்தை அறுவை செய்து பார்ப்பது என்றே இதைச் சொல்லலாம். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பதால் ஒவ்வொரு சுரண்டலும் ஒரு துணிச்சல்.

இவர்களும் ஒரே தாவலில் உண்மைக்கு வந்துவிடவில்லை. 1978-ல் கான்வே மோரிஸ், லகானியா என்பது ஒரு கடற்பஞ்சு, அதன்மேல் தற்செயலாக ஒரு பெய்டோயா ஜெல்லி மீன் ஒட்டிக்கொண்டது என்றார். 1979-ல் பிரிக்ஸ், வைட்டீவ்ஸின் ‘இறால் உடல்’ உடலே அல்ல, மிகப் பெரிய ஏதோ ஒரு கணுக்காலியின் உறுப்பு என்றார். நடக்கும் காலாக இருக்கும் என்பது அவருடைய ஊகம். கால் அல்ல என்று பின்னால் தெரிந்தது; ஆனால் தனி விலங்கு அல்ல, உறுப்பு என்று சொன்னதே பெரிய பாய்ச்சல்.

முடிச்சு அவிழ்ந்தது, விட்டிங்டன் பெரிய படிவங்களின் மேலடுக்கைச் சுரண்டத் தொடங்கியபோது. உள்ளே தலை தெரிந்தது. தலையின் முன்னே அந்த ‘இறால்’ ஒட்டியிருந்தது. தலைக்கு அடியில் அந்த ‘ஜெல்லி மீன்’ இருந்தது: அது வாய். ‘கடல் அட்டை’ உடலாயிற்று. விட்டிங்டனும் பிரிக்ஸும் 1985-ல் இதை வெளியிட்டார்கள். தனித்தனி விலங்குகளாக அருங்காட்சியக இழுப்பறைகளில் கிடந்தவை ஒரே வகை விலங்கின் முகமும் வாயும் உடலுமாகச் சேர்ந்தன.

ஏன் இப்படிப் பிரிந்து கிடந்தன என்பதற்குக் காரணம் எளிது. முன்கையும் வாய்த் தகடும் கடினமானவை, உடல் மென்மையானது. இறந்த பிறகோ, ஓடு கழற்றும்போதோ, கடினத் துண்டுகள் தனியாக உதிர்ந்துவிடும். உடல் சீக்கிரம் கரையும்.

கதை அங்கேயும் முடியவில்லை. 1990களில் டொராண்டோவிலுள்ள ராயல் ஒண்டாரியோ அருங்காட்சியகத்தின் டெஸ்மண்ட் காலின்ஸ் குழு முழு உடல் படிவங்களைக் கண்டெடுத்தது. 2012-ல் ஆலிசன் டேலியும் யான் பெரிஸ்ட்ரோமும் வாய்களை மறுபடி அலசினார்கள். பெய்டோயா வாயில் நான்கு பெரிய தகடுகள் எதிரெதிராக நிற்கின்றன. அனோமலோகாரிஸ் வாயிலோ பெரிய தகடுகள் மூன்றுதான். அதாவது அந்த அன்னாசி வாய் அனோமலோகாரிஸுடையது அல்ல, அதன் நெருங்கிய உறவினருடையது; லகானியாவின் உடலும் அந்த உறவினருடையதே. இன்று அந்த விலங்கு பெய்டோயா என்றே அழைக்கப்படுகிறது. இன்றும் பல படங்களில் அனோமலோகாரிஸின் முகத்தில் உறவினரின் வாய்தான் வரையப்படுகிறது. இணையத்தில் படம் தேடும்போது இதைக் கவனித்துப் பாருங்கள்.

## அது எதைப் பார்த்தது, எதைத் தின்றது

2011-ல் ஜான் பேட்டர்சன் குழு, தெற்கு ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் எமு பே ஷேல் பாறையிலிருந்து அனோமலோகாரிஸின் கண்களை வெளியிட்டது. ஒவ்வொரு கண்ணும் 2 முதல் 3 செ.மீ. அகலம், அதில் குறைந்தது 16,000 லென்ஸுகள். இன்றைய கணுக்காலிகளில் தட்டான் போன்ற வெகு சிலவற்றுக்கே இந்த அளவுக்குக் கூர்மையான கண் இருக்கிறது. நல்ல வெளிச்சமுள்ள நீரில், கண்ணால் பார்த்து வேட்டையாடிய விலங்கு இது.

நமது கேள்விக்கு இந்தக் கண்கள் ஒரு பாதி விடை தருகின்றன. உடலை ஓடு மூடுவதற்கு முன்பே, கால்களில் மூட்டு வருவதற்கு முன்பே, கூட்டுக்கண் முழு வலிமையோடு இருந்திருக்கிறது.

சரி, என்ன தின்றது? நீண்ட காலம் டிரைலோபைட்டுகளைக் கடித்து நொறுக்கியது என்றே சொல்லப்பட்டது. அந்தக் காலத்து டிரைலோபைட்டுகள் சிலவற்றில் கடிபட்டு ஆறிய தழும்புகள் இருக்கின்றன. அருகில் இருந்த பெரிய விலங்கின் மேல் பழி போனது இயல்புதான். ஆனால் வாயின் தகடுகள் டிரைலோபைட்டின் சுண்ணாம்பு ஓட்டை உடைக்கும் அளவுக்கு உறுதியானவை அல்ல என்று ஜேம்ஸ் ஹகடோர்ன் 2010-ல் வாதிட்டார். 2023-ல் ரஸல் பிக்னெல் குழு முன்கையை முப்பரிமாண மாதிரியாகக் கணினியில் அமைத்து, எங்கே எவ்வளவு அழுத்தம் விழும், நீரோட்டத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிட்டது. கைகளை முன்னால் நீட்டியபடி வேகமாக நீந்தி, நீரின் நடுவே ஓடும் மென்மையான இரையைச் சட்டென்று பிடிக்க அவை ஏற்றவை. கடினமான இரையைப் பிடித்தால் சேதமாகியிருக்கும் என்பது அவர்களுடைய முடிவு. எனக்கு இந்த வாதம் வலுவாகவே படுகிறது. இவ்வளவு நல்ல கண்ணும் நீந்தும் உடலும் கொண்ட ஒன்று, தரையில் ஊர்ந்துகொண்டிருந்த ஓட்டு விலங்கோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டிய தேவை தெரியவில்லை.

டிரைலோபைட்டுகளைக் கடித்தது யார் என்றால், கங்காரு தீவில் ரெட்லிச்சியா ரெக்ஸ் என்ற பெரிய டிரைலோபைட்டே சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. அதன் கால்களில் இரையை நசுக்கும் தடித்த முட்கள் உண்டு.

## கால்கள் எங்கே போயின

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். உடலில் கால் இல்லாத, மடல் மட்டும் உள்ள ஒரு விலங்குக்கும் கால்கள் நிறைந்த இறாலுக்கும் என்ன தொடர்பு?

விடை மொராக்கோவிலிருந்து வந்தது. அங்கே ஃபெஸுவாட்டா பாறைகளில் முகமது பென் மூலா என்ற படிவச் சேகரிப்பாளர், நசுங்காமல் முப்பரிமாணத்தில் எஞ்சிய ஒரு பெரிய விலங்கைக் கண்டெடுத்தார். 2015-ல் பீட்டர் வான் ராய், ஆலிசன் டேலி, டெரெக் பிரிக்ஸ் மூவரும் அதை வெளியிட்டு, அவருடைய பெயரையே சேர்த்து ஏகிரோகாசிஸ் பென்மூலே என்று பெயரிட்டார்கள். சுமார் 48 கோடி ஆண்டுப் பழமை. 2 மீட்டர் நீளம். அனோமலோகாரிஸின் உறவினர்தான், ஆனால் வேட்டையாடி அல்ல. அதன் முன்கைகளின் முட்கள் மெல்லிய மயிரிழைகளாகி, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டின.

நசுங்காத அந்த உடலில் முதல்முறையாக ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு கணுவிலும் ஒரு பக்கத்துக்கு ஒரு மடல் அல்ல, இரண்டு. மேலே செவுள் தாங்கிய மடல், கீழே இன்னொன்று. பழைய படிவங்களில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக நசுங்கியதால் ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன. பெய்டோயாவை மறுபடி பார்த்தபோது அங்கேயும் இரண்டு இருந்தன.

இறாலின் வால்பகுதியில் உள்ள நீந்து கால்களைக் கவனித்தால் ஒவ்வொன்றும் நுனியில் இரண்டு கிளையாகப் பிரிவது தெரியும். இப்படி இரட்டைக் கிளை கொண்ட கால் கணுக்காலிகளின் பழைய அடையாளம். அந்த இரட்டைக் காலுக்கு முந்தைய நிலைதான் இந்த இரட்டை மடல் என்பது ஆய்வாளர்களின் வாதம். அவை பின்னால் ஒன்று சேர்ந்து, கீழ்ப்பகுதியில் மூட்டு விழுந்து, நடக்கும் காலாயிற்று. அப்படிப் பார்த்தால் அனோமலோகாரிஸுக்குக் கால் இல்லாமல் போகவில்லை. கால் ஆகப்போகும் உறுப்பு இருந்தது. அதில் மூட்டு இன்னும் வரவில்லை. மூட்டு முதலில் முகத்தின் முன்கையில் தோன்றியது. உடலில் பிறகுதான்.

மூளையிலும் இதே கதை. பர்ஜஸ் ஷேலின் ஸ்டான்லிகாரிஸ் என்ற சிறிய உறவினரின் படிவங்களில் மூளையின் தடமே எஞ்சியிருக்கிறது. ஜோ மோய்சியுக்கும் ழான் பெர்னார் காரோனும் 2022-ல் வெளியிட்ட ஆய்வின்படி அந்த மூளை இரண்டு பகுதி கொண்டது. இன்றைய கணுக்காலிகளின் மூளை மூன்று பகுதி கொண்டது. ஒரு பகுதி பின்னால் சேர்ந்திருக்கிறது. அந்த விலங்குக்குத் தலையின் நடுவே மூன்றாவதாக ஒரு பெரிய கண்ணும் இருந்தது.

அடுத்த படியில் நிற்கும் விலங்கும் கிடைத்துவிட்டது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் செங்ஜியாங் பாறைகளிலிருந்து 2020-ல் வெளியான கைலின்சியாவுக்கு, முன்கைகள் அனோமலோகாரிஸ் வகை. உடலோ ஓடு போர்த்தியது, கால்கள் மூட்டுள்ளவை. இங்கே ஒரு சந்தேகம் வரும். செங்ஜியாங் 51.8 கோடி ஆண்டுப் பழமை, பர்ஜஸ் 50.8 கோடி. ‘அடுத்த படி’ எப்படி முந்தைய பாறையில் கிடைக்கும்? கிளை பிரிந்த வரிசை வேறு, படிவம் கிடைத்த பாறையின் வயது வேறு. தாத்தாவின் தம்பி பேரன் பிறந்த பிறகும் உயிரோடு இருக்கலாம் அல்லவா. பர்ஜஸ் கடலில் முழுமையான கணுக்காலிகளும் அனோமலோகாரிஸும் ஒன்றாகவே வாழ்ந்தன.

இந்தக் கூட்டம் வெகுகாலம் தாக்குப்பிடித்தது என்பதும் சொல்ல வேண்டியது. ஜெர்மனியின் ஹுன்ஸ்ரூக் பாறையில் கிடைத்த ஷின்டர்ஹானஸ், சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையானது. நீளம் 10 செ.மீ.தான். அனோமலோகாரிஸுக்கும் அதற்கும் இடையே 10 கோடி ஆண்டுகள்.

டொராண்டோவில் இருப்பவர்கள், அல்லது அங்கே உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள், ராயல் ஒண்டாரியோ அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் ஒரு நாள் ஒதுக்குங்கள். உலகின் மிகப் பெரிய பர்ஜஸ் ஷேல் சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது. உயிர்களின் தொடக்க காலத்துக்கென்றே 2021-ல் ஒரு தனிக் கூடமும் திறந்தார்கள். கால்வலு உள்ளவர்கள் மலைக்கே போகலாம்: கோடை மாதங்களில் யோஹோ தேசியப் பூங்காவில் ஸ்டீபன் மலைக்கு நடைப்பயணம் அழைத்துப்போகிறார்கள். முன்பதிவு வேண்டும், வழிகாட்டி இல்லாமல் படிவப் பகுதிக்குள் போக அனுமதி இல்லை, ஒரு துண்டுக் கல்லைக்கூட எடுத்துவரக் கூடாது. சரிவு முழுக்க டிரைலோபைட்டுகள் கிடக்கும். அவற்றின் நடுவே, வைட்டீவ்ஸ் இறால் என்று நினைத்த அந்த வளைந்த முன்கைகளும் கிடக்கும்.